பல்லோடு போன முகம்

“ஆச்சி, கொஞ்சம் தள்ளி இருங்கோ.”

பல் சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே, நடைபாதையில் போட்டிருந்த வாங்கில் (பெஞ்சில்) இருந்தேன். யாரோ கிழவியைச் சொல்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பக்கத்தில் சுவர்தான் இருந்தது. சொன்ன பெண்ணுக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கலாம், அவ்வளவுதான். எனக்கு அப்போது நாற்பத்தேழு.

தள்ளி இருந்தேன். சண்டை பிடிக்கிற சீவன் எனக்கில்லை. காலமையிலிருந்து ஆஸ்பத்திரி வாங்கில் காத்திருக்கிற ஒருத்திக்குக் கோபம் வருவதற்குக்கூட வயிற்றில் கொஞ்சம் சோறு கிடக்க வேண்டும்.

சீலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு கதைக்கிற பெண்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியாவது வாசிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். பல் போவதை யாரும் ஒரு வருத்தமாக எடுப்பதில்லை. காய்ச்சல் என்றால் பாணும் தோடம்பழமும் கொண்டு வந்து பார்ப்பார்கள். பல் போனால் பகிடி பண்ணுவார்கள். நாமும் சேர்ந்து சிரிக்க வேண்டும், அதுவும் வாயை மூடிக்கொண்டு.

எனக்கு முதல் பல்லுக்கொதி (பல்வலி) வந்தது போர் முடிந்து முகாமில் இருந்த காலத்தில். கராம்பை நசித்து வைத்தேன். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன். முகம் ஒரு பக்கம் வீங்கிய பிறகுதான் வரிசையில் நின்று காட்டினேன். பிடுங்கினார்கள். அந்த நாட்களில் ஒரு பல்லுக்காக அழுவதற்கு வெட்கமாக இருந்தது. சுற்றியிருந்த ஒவ்வொரு கூடாரத்திலும் ஆட்களையே இழந்தவர்கள் இருந்தார்கள்.

எங்கள் ஊர் துணுக்காய்க்குத் திரும்பி, காணியைத் துப்பரவாக்கி, வீட்டைக் கட்டி, மகள் மதுசா வயிற்றில் வந்தபோது அடுத்த பல் ஆடத் தொடங்கியது. முரசு (பல்லைப் பிடித்திருக்கும் சதை) வீங்கி, பல் விளக்கும்போதெல்லாம் இரத்தம் வந்தது. பிள்ளை வயிற்றில் இருந்தால் இப்படித்தான் என்றார்கள். நான் இரத்தத்துக்குப் பயந்து விளக்குவதைக் குறைத்தேன். அது முழுப் பிழை. இரத்தம் வந்தால் இன்னும் கவனமாக, மெதுவாக விளக்க வேண்டும், டொக்டரிடமும் காட்ட வேண்டும். இது எனக்குத் தெரிய வரும்போது விளக்குவதற்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை.

மற்றப் பற்கள் போன விதம் எங்கள் ஊர் முழுவதற்கும் பொதுவானது. “இந்தப் பல்லைக் காப்பாற்றலாம் அம்மா. வேர்ச்சிகிச்சை செய்வம், மூண்டு நாலு தரம் வரவேணும்” என்பார் டொக்டர். வேர்ச்சிகிச்சை (பல்லுக்குள் பழுதான நரம்பை எடுத்துச் சுத்தமாக்கி அடைப்பது) நல்லதுதான். ஆனால் மூன்று நாலு தரமா! ஒரு தரம் வருவதற்கே விடிய முதல் எழும்பிச் சமைத்து, மாட்டை இடம் மாற்றிக் கட்டி, முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அன்றைக்கு எங்கள் வயலுக்கு வாய்க்கால் தண்ணீர் திறக்கிற முறையென்றால் அந்த ஒரு தரமும் இல்லை.

“பிடுங்கி விடுங்கோ டொக்டர். சோலி முடிஞ்சுது.”

நான் அப்படித்தான் சொன்னேன். எனக்கு முன்னால் உள்ளே போனவளும் அதைத்தான் சொல்லியிருப்பாள். பஞ்சைக் கடித்தபடி பஸ் ஏறி வந்து, பின்னேரம் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தேன். போகத்துக்கு ஒரு பல் என்று போனது. கடைசியில் மேலே ஒன்றுமில்லை, கீழே முன்பக்கம் மட்டும் சில.

முகம் போனதை நான் கவனிக்கவில்லை. எங்கள் வீட்டுக் கண்ணாடி பொட்டு வைக்கிற அளவுக்குத்தான். ஒரு கலியாண வீட்டுப் படத்தில் என்னைத் தேடித் தேடிக் களைத்துப் போய், “நான் இதில இல்லை” என்றேன். இவர், என் மனுசன், ஒரு கிழவியின் மேல் விரலை வைத்தார். கன்னம் இரண்டும் குழி விழுந்து, சொண்டு (உதடு) உள்ளே மடிந்து, நாடி (மோவாய்) மூக்கைத் தொட எழும்பி நின்றது. அந்தப் படத்தை நான் பிறகு பார்க்கவேயில்லை.

அதையும் தாங்கியிருப்பேன். மதுசா ஆறாம் வகுப்புக்குப் போன வருடம், பெற்றோர் கூட்டத்துக்கு நான் சீலை உடுத்து வெளிக்கிட்டு நின்றேன். பிள்ளை என் முகத்தைப் பார்க்காமல், “அம்மா, அப்பா வரட்டும்” என்றாள். அடுத்த கூட்டத்துக்கும் அதையே சொன்னாள். அவளை நான் பெற்றது முப்பத்தைந்து வயதுக்குப் பிறகு. மற்றப் பிள்ளைகளின் தாய்மார் இளசுகள். எனக்கு விளங்கிவிட்டது. ஒரு தாய்க்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்? குசினி அடுப்படிக்குள் போய் அழுதேன்.

வடிவு (அழகு) தேடித்தான் அந்த வாங்கில் போய் இருந்தேன் என்று யாரும் நினைக்கக் கூடாது. என் பிள்ளைக்குப் பக்கத்தில் அவளுடைய அம்மாவாக நிற்க வேண்டும். அவ்வளவுதான் எனக்குத் தேவைப்பட்டது.

டொக்டர் ஒரு இளம் பெண். அவரும் களைத்துத்தான் இருந்தார். என் தாடையை இரண்டு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பல்லின்ர வேர் நிண்ட எலும்புக்கு இப்ப வேலை இல்லை அம்மா. வேலை இல்லாட்டி அது கரைஞ்சு போகும். பிறகு கன்னமும் சொண்டும் எதில சாஞ்சு நிக்கிறது?”

கடி உயரம் (வாயை மூடும்போது மேல் தாடைக்கும் கீழ்த் தாடைக்கும் இடையில் பற்கள் பிடித்து வைத்திருக்கும் இடைவெளி) என்று ஒன்று இருக்கிறதாம். அது குறைந்தால் முகத்தின் கீழ்ப்பாதி சுருங்கிவிடும். வயதுக்கு மிஞ்சின கிழட்டுத் தோற்றம் வருவது தோலால் மட்டுமில்லை, இதனாலும்தான். நான் இதுவரை பூசிய மஞ்சளும் கற்றாழையும் சும்மா.

“பல்லுக் கட்டினால் பழைய முகம் வருமோ டொக்டர்?”

“முப்பது வயசு முகம் வராது. உங்கட வயசு முகம் வரும்.”

அது எனக்குக் காணும் (போதும்) என்றேன்.

மிச்சமிருந்த பற்களைச் சுத்தப்படுத்தி, ஓட்டையை அடைத்து, முரசு ஆறிய பிறகுதான் அளவு எடுத்தார்கள். களிமாதிரி ஒன்றைத் தட்டில் அப்பி வாய்க்குள் வைத்தார்கள். ஓங்காளித்து ஓங்காளித்துக் கண்ணால் தண்ணீர் ஓடியது. பிறகு மெழுகில் கடிக்க வைத்தார்கள். பல போக்குவரத்துக்குப் பிறகு கட்டுப்பல் (கழற்றிப் போடக்கூடிய செயற்கைப் பல்) கையில் வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். கன்னம் நிரம்பியிருந்தது. சொண்டு வெளியே வந்திருந்தது. அங்கேயே அழுதுவிட்டேன்.

வீட்டுக்கு வர இவர் முற்றத்தில் நின்று, “இஞ்சாரும், வீட்டில ஒரு வயசுபோன மனுசி இருந்தவா, கண்டனீரோ?” என்றார். பதினைந்து வருடத்துக்குப் பிறகு என் மனுசன் எனக்கு விட்ட பகிடி அது.

இனி நான் செய்த மடைத்தனத்தைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு ஒரு பழக்கம். நல்ல சாமான் ஏதும் கிடைத்தால் பாவிக்க மாட்டோம். புதுப் பீங்கான் அலுமாரியில் இருக்கும், நாங்கள் சிரட்டையில் குடிப்போம். கட்டுப்பல் போட்டால் முதல் நாட்களில் வாய் முழுக்க எச்சில் ஊறும், சோறு ருசிக்காது, முரசு நோகும். வயலுக்கும் குசினிக்கும் எதற்கு இது என்று கழற்றினேன். பஞ்சில் சுற்றி, கலியாணச் சீலைக்குப் பக்கத்தில், பூச்சி உருண்டையோடு வைத்துப் பூட்டினேன். நல்லது கெட்டதுக்குப் போட்டால் போதும் என்பது என் எண்ணம்.

மாசக்கணக்கில் அது அங்கே கிடந்தது. பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு வந்தது. மதுசாவுக்குக் கணக்கில் பரிசு. அவள் கூப்பிடாவிட்டாலும் போவது என்று முடிவெடுத்தேன். காலமை அலுமாரியைத் திறந்து பல்லை எடுத்துக் கழுவிப் போட்டேன். அது வாயில் பொருந்தி இருக்கவில்லை. ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழும்பியது. பூச்சி உருண்டை மணம் மூக்கால் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தி வைத்து, இவரின் மோட்டார் சைக்கிளில் ஏறினேன். பள்ளிக்கூட வாசலில் ஒரு தாய் “எப்பிடிச் சுகம்?” என்று கேட்க, நான் வாயைத் திறந்தேன். மேல்பல் தொப்பென்று நாக்கில் விழுந்தது.

தலைப்பால் மூடிக்கொண்டேன். “நீங்கள் போங்கோ” என்று இவரை உள்ளே அனுப்பிவிட்டு, வெயிலில் நடந்து வீட்டுக்கு வந்தேன். என் பிள்ளை பரிசு வாங்கியதை நான் பார்க்கவில்லை. இன்றைக்கும் அது நெஞ்சுக்குள் கிடந்து நோகிறது.

திரும்பவும் அதே டொக்டர். “எங்க வைச்சிருந்தனீங்கள்?” என்று கேட்டார்.

“அலுமாரியில.”

“தண்ணிக்குள்ளயோ?”

“இல்லை. பஞ்சில சுத்தி, சீலையோட.”

அவர் பல்லைக் கையில் திருப்பிப் பார்த்தார். “இது கூறைச்சீலை இல்லை அம்மா, நாள் பாத்து எடுத்து உடுக்க. நிறையப் பேர் இப்பிடித்தான் செய்யினம். நான் சொல்லிச் சொல்லிக் களைச்சுப் போனன்.”

காய விட்டால் அது கோணும். போடாமல் விட்டால் முரசும் எலும்பும் அதற்குள் உருவம் மாறிவிடும். இரண்டும் எனக்கு நடந்திருந்தது. அழுத்தி வைத்ததால் வந்த வாய்ப்புண் ஆறும்வரை காக்க வைத்து, உட்பக்கத்துக்குப் புதுப் பூச்சுப் போட்டு (மாறிப்போன முரசுக்குப் பொருந்த உள்ளே ஒரு படை சேர்ப்பது) தந்தார்கள். பகலில் போட வேண்டும், படுக்கும்போது கழற்றித் தண்ணீரில் வைக்க வேண்டும், தினமும் மென்மையான பிரஷால் தேய்க்க வேண்டும். சொந்தப் பல்லை உயிரைப் போலப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கீழ்க் கட்டுப்பல் அதைப் பிடித்துத்தான் நிற்கிறது. இதை வாசிக்கிற உங்களுக்கு இன்னும் பல் இருக்குமென்றால், தயவுசெய்து அந்த மூன்று நாலு தரமும் போங்கோ. வயல் எங்கேயும் ஓடாது.

பழகுவது லேசில்லை. புட்டைக்கூடச் சின்னச் சின்னதாக, இரண்டு பக்கமும் வைத்து மென்றேன். ‘ச’ வரவில்லை, விசில்தான் வந்தது. சத்தமாக வாசித்துப் பழகச் சொன்னார்கள். பின்னேரங்களில் குசினியில் அடுப்புக்கு முன்னால் இருந்து மதுசாவின் சமயப் புத்தகத்தை வாசிப்பேன். அவள் பக்கத்தில் இருந்து, “திரும்பச் சொல்லுங்கோ” என்று திருத்துவாள். அவள் அப்படி என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்து எவ்வளவு காலம்!

ஒருநாள் வாசிப்புக்கு நடுவில் கேட்டாள், “அம்மா, வெள்ளிக்கிழமை கூட்டம். நீங்கள் வாறியளோ?”

சந்தோசப்பட்டிருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “ஏன், இப்ப அம்மாவை ஆக்களுக்குக் காட்டலாம் எண்டோ?”

அவள் முகம் சுருங்கிப் போனது. “அதுக்கில்லை அம்மா.”

“பின்னை என்னத்துக்கு?”

அவள் விம்மி விம்மிச் சொன்னாள். “எங்கட வகுப்பு டிலக்சியின்ர அம்மம்மாக்கும் இப்பிடித்தான் வாய் உள்ளுக்குப் போனது. பிறகு அவா செத்துப் போனா. உங்களுக்கும் அப்பிடியே வந்தது. பள்ளிக்கூடத்தில ஆரும் பாத்து, உன்ர அம்மாக்கு வயசு போட்டுது எண்டு சொன்னால் எனக்குக் கேக்கேலாது. நீங்களும் சொல்லுறனீங்கள்தானே, எனக்கென்ன, நான் போற காலம் எண்டு.”

நான் சொல்லுகிறனான்தான். எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வது. இடுப்பு நொந்தால் சொல்வோம், மழை பிந்தினால் சொல்வோம். அதை ஒரு பிள்ளை நம்பிக்கொண்டு, இரண்டு வருடமாக என் முகத்தைப் பார்க்கப் பயந்து திரிந்திருக்கிறது. நான் அதை வெட்கம் என்று நினைத்துக் கறுவிக்கொண்டிருந்தேன்.

அவளை இழுத்து மடியில் போட்டேன். வளர்ந்த பிள்ளை, மடி காணவில்லை.

“இப்ப பல்லு வந்திட்டுதுதானே,” என்றாள். “இனிக் கன காலம் இருப்பியள் என்ன?”

“இருப்பன்.”

“கன காலம் எண்டால்?”

போரில் ஓடித்திரிந்த வருடங்களில் நாளைக்கு என்று ஒன்றை நான் நினைத்ததில்லை. பிறகும் அடுத்த அறுவடைக்கு அங்காலை என் மனம் போனதில்லை. உண்மையைச் சொன்னால், எமன் எந்த நேரம் கூப்பிட்டாலும் சரி என்றுதான் இந்த உடம்பை இழுத்துக்கொண்டு திரிந்தேன்.

“நீ என்னோட அலுத்துப் போற மட்டும்,” என்றேன்.

“அப்ப சரி,” என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு, சைக்கிளை எடுத்து ரியூசனுக்குப் போனாள்.

நான் அடுப்பு அணைந்ததுகூடத் தெரியாமல் அங்கேயே இருந்தேன். களைப்பு அப்படியேதான் இருந்தது. ஆனால் எனக்குச் சாகப் பயமாக இருந்தது. அப்படி ஒரு பயம் எனக்கு வந்து எத்தனையோ வருடமாகியிருந்தது.