திரும்பாதே என்றார் ஞானவேல்

இதை நான் இட்டுக்கட்டவில்லை. அந்தத் திறமை இருந்திருந்தால் மதுரைக் கல்லூரியில் பரீட்சையாவது தேறியிருப்பேன். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, 1979இல் கொடைக்கானலில் ஒரு கிளப்புக்கு இரவுக் காவல் பார்த்தேன். சனிக்கிழமைகளில் அங்கே படம் ஓட்டுவதும் என் வேலைதான்.

அப்படி ஒரு சனிக்கிழமை வந்தது ஒரு வெளிநாட்டுப் படம். கிரேக்கப் புராணத்தை இந்தக் காலத்துக்கு மாற்றியிருந்தார்கள். செத்த மனைவியை மீட்கப் புருஷன் பாதாளத்துக்குப் போகிறான். பாதாளம் என்று ஒரு நிலக்கரிச் சுரங்கத்தைக் காட்டினார்கள். வெளியே வரும்வரை அவளைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் போய்விடுவாள். எனக்கு எரிச்சலாக வந்தது. பெண்டாட்டியை மீட்கப் போகிறவன் கண்ணாடி பார்த்துத் தலை சீவுகிறான். பேசுகிறான், பேசுகிறான், பேசிக்கொண்டே இருக்கிறான். ஓர் இடம் மட்டும் என்னை அசைத்தது. அவன் முன்னால் நடக்கிறான், அவள் பின்னால் வருகிறாள். பேச்சே இல்லை. காலடிச் சத்தம் மட்டும். அதற்காக மொத்தப் படத்தையும் மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

கிளப்பைக் கூட்டிப் பெருக்கும் ஞானவேல் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். அவர் மனைவி கண்மணி காய்ச்சலில் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"தப்பாக் காட்டுறான்லே," என்றார். "பாத்தாத்தான கூட வருவாக?"

எங்கள் வழக்கம் அது. கொள்ளி வைத்தவன் சுடுகாட்டைத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். பார்த்தால் செத்தவர் பின்னாலேயே வந்துவிடுவார்.

"வெள்ளைக்காரனுக்கு நம்ம சட்டம் தெரியலண்ணே."

அவர் சிரிக்கவில்லை.

படம் ஒன்பதே முக்காலுக்கு முடிந்தது. காலை வத்தலக்குண்டு பஸ்ஸில் படச்சுருள் பெட்டி திரும்பிப் போக வேண்டும். ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நாயுடுபுரத்திலிருந்த டிரைவர் வீட்டுக்கு நடந்தோம். நல்ல பனிமூட்டம்.

சரக்... சரக்...

யாரோ பின்னால் வந்தார்கள். ரப்பர் செருப்பை இழுத்து இழுத்து நடக்கிற சத்தம். நாங்கள் நின்றால், அதுவும் நின்றது.

"யாருண்ணே?"

"திரும்பாத."

"யாருன்னு பாத்துட்டு..."

"ஏலே, ஒன்னயக் கும்புடுறேன். திரும்பாத!"

படம் இவர் மண்டைக்குள் ஏறிவிட்டது என்று நினைத்தேன். அந்தக் கோபத்திலேயே திரும்பினேன்.

பனி மட்டும்.

ஞானவேல் பெட்டியைக் கீழே போட்டார். என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"கெடுத்துட்டியேலே..."

அழுதுகொண்டே இருட்டுக்குள் ஓடினார். பெட்டியை நானே தூக்கிப் போய்க் கொடுத்துவிட்டுக் காவலுக்குத் திரும்பினேன்.

சரக்...

என் பின்னால்.

மறுவாரம் டீக்கடையில் மாடசாமியைப் பார்த்தேன். சுடுகாட்டில் பிணம் எரிப்பவர். கண்மணி பற்றிக் கேட்டேன்.

"கொள்ளி வச்சிட்டு அந்தாளு வேணும்னே திரும்பிப் பாத்தாருங்க. 'வீட்டுக்கு வா'ன்னு கூப்புடவேற செஞ்சாரு. அந்தம்மா செருப்பக்கூட நாந்தேன் சிதையில போட்டேன். வாரு அறுந்து ஊக்கு குத்துன ரப்பர் செருப்பு."

அன்று இரவு காவல் அறைக் கதவு தட்டப்பட்டது. ஞானவேல் குரல். கூப்பிட்டது என்னை அல்ல.

"கண்மணி... வா, வீட்டுக்குப் போவோம்."

கதவை அகலத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றேன்.

சரக்...

வாசலில் இல்லை.

என் கட்டிலுக்குப் பக்கத்தில்.