பிளாட்பாரத்தில் கைமாறிய சாவி

எழுபதுகளின் கடைசியில், கும்மிடிப்பூண்டியில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் பாதுகாப்புப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ரசாயனங்களைக் கலக்கும் பெரிய கலமான ரியாக்டர் ஒன்று புதிதாக வந்திருந்தது. உள்ளே ஆசிட் சொட்டச் சொட்டச் சூடு ஏறும். வெளிச்சுவரைச் சுற்றித் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் நின்றால் பொங்கிவிடும். பக்கத்தில் நிற்பவர் பிழைப்பது கஷ்டம்.

ஆபத்தை முன்கூட்டியே ஆராய எனக்கு இரண்டு வழிகள் தெரியும். ஒன்று, 'இருக்கிறதா, இல்லையா' என்று டிக் போடும் பட்டியல். மற்றது, எல்லோரும் உட்கார்ந்து, ஒவ்வொரு குழாயாக எடுத்து, 'அதிகமானால்? குறைந்தால்? நின்றுபோனால்?' என்று கேட்டுக்கொண்டே போவது. அதற்குப் பத்து நாளாவது ஆகும். மேனேஜரோ திங்கட்கிழமையே ஓட்டச் சொன்னார். நான் பட்டியலை எடுத்து, ஒரே காலையில் முடித்துவிட்டு, பெரிய மேதாவி போல டீ குடித்தேன்.

ரியாக்டரை ஓட்டப் போகிறவர் ஆரம்பாக்கத்துக்காரர். என் வயதுதான், கழனி வேலை செய்த குடும்பம். பட்டியலைப் பார்த்தவர் ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"பம்பு ரூம்ல எப்பவும் ஆளு இருக்குதுன்னு போட்டுக்கிறீங்கோ, சார். சாயங்காலம் இருக்காது."

"ரிஜிஸ்டர்ல கையெழுத்து இருக்கேய்யா" என்றேன் எரிச்சலுடன்.

"கையெழுத்து இருக்கும். ஆளு ஸ்டேஷன்ல இருப்பான். வர்றவன் வண்டிலேர்ந்து எறங்குவான், போறவன் அதே வண்டில ஏறிக்குவான். சாவி பிளாட்பாரத்துலயே கைமாறிடும். அந்த நேரத்துல கரண்டு போனா டீசல் பம்ப யாரு ஓட்டுறது? போறவன் என் பொஞ்சாதியோட தம்பி, சார். அவனுக்குப் பேஜாருன்னு தெரிஞ்சுதான் சொல்றேன்."

அந்த மனிதர் மேல் அன்று வந்த மரியாதை இன்றுவரை ஒரு துளி குறையவில்லை. பட்டியலைக் கிழித்துப் போட்டேன். மேனேஜர் கத்தினார், நானும் கத்தினேன். பிறகு கேன்டீனில் உட்கார்ந்து, பன்னிரண்டு நாள், குழாய் குழாயாகக் கேட்டோம்.

"தண்ணி நிக்கல, கம்மியா வருது. அப்போ எனக்கு எப்டி தெரியும்?" என்பார் அவர். என் படிப்பெல்லாம் அந்தக் கேள்விகளுக்கு முன் கைகட்டி நின்றது. இனி பம்பு ரூமில்தான் சாவி மாற வேண்டும், அடுத்தவர் வராமல் யாரும் நகரக் கூடாது என்று முடிவாயிற்று. அவருடைய மச்சானின் வேலைக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொண்டேன். பொய் டிக் போட்டவன் நான்தானே.

ரியாக்டர் ஓடத் தொடங்கிய மூன்றாம் நாள் சாயங்காலம், சரியாக அந்த வண்டி வரும் நேரத்தில் கரண்டு போனது. ஆரம்பாக்கத்துக்காரர் ஆசிட் வால்வை மூடிவிட்டு, ஏறும் சூட்டைப் பார்த்தபடி அசையாமல் நின்றார். பம்பு ரூமிலிருந்து டீசல் பம்பின் சத்தம் கேட்டது. சூடு மெல்ல இறங்கியது. அடுத்தவர் வரும்வரை நகராமல் இருந்ததில், மச்சான் அன்று வண்டியைத் தவறவிட்டிருந்தார்.

நான் அந்தப் பட்டியலோடு நின்றிருந்தால் மச்சான் வண்டி ஏறியிருப்பார். அக்கா வீட்டுக்குப் போய்த் துக்கச் செய்தி சொல்ல வேண்டியவரும் அவராகத்தான் இருந்திருப்பார்.