சிவப்பு டின், பச்சை டின்

சாமிக்கு வர்ணம் பூசுமுன் கார்த்திகேசு ஒரு காரியம் செய்வார். பெயிண்ட் கலந்த இரண்டு பால்மாவு டின்களை இரு கையிலும் ஏந்தி, பக்கத்தில் நிற்பவர் யாரோ அவர் பக்கம் திரும்பி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, “சாமிக்கு எது?” என்பார். விரல் நீளும் டின்னில்தான் பிரஷ் இறங்கும். இதைப் பணிவு என்றார்கள் ஈஜோக் பக்கத்துத் தோட்டத்து ஜனங்கள். லோரிக் கதவுகளில் கம்பெனிப் பெயர் எழுதிப் பிழைக்கிற மனுஷன், சாமி காரியத்தில் தன் இஷ்டத்துக்கு எதுவும் செய்வதில்லையாம்.

தேவதாசுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது, மகன் விழும்வரை.

செரண்டாவில் ஃபேக்டரி வேலை கிடைத்ததற்காக மகன் ஷர்வின் பேரில் கோயில் முனிக்குச் சேவல் அறுத்தார் தேவதாஸ். மறு மாதமே பையன் மோட்டார் சைக்கிளோடு சறுக்கித் தொடை எலும்பு முறிந்து கிடந்தான். வார்டுக்கு ஹோர்லிக்ஸ் பாட்டிலோடு வந்த பக்கத்து வீட்டு இராஜம்மா கட்டிலோரம் உட்கார்ந்து சொன்னாள்:

“தப்பா எடுத்துக்காத தேவா. நம்ம சாமி பச்சைமுனிடா. சைவம். அதுக்குப் போயி ரத்தம் காட்டிட்டியே.”

“நான் அறுத்தப்ப செவப்பால்ல இருந்துச்சு?”

“யாரோ செவப்ப அடிச்சா அது செம்முனி ஆயிருமா?”

அன்றிலிருந்து தேவதாசால் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. ஷர்வினுக்கு இன்னொரு ஆபரேஷன் பாக்கி இருந்தது. அதற்குள் தெரிந்தாக வேண்டும். செம்முனி என்றால் விழுந்தது வெறும் விபத்து. பச்சைமுனி என்றால் பிள்ளையைக் கீழே தள்ளியது அப்பன் கை.

முதலில், கோயிலில் வருஷா வருஷம் சேவல் அறுக்கிற சன்னாசியிடம் போனார். “சேவலும் சுருட்டும் வாங்காத முனி ஒரு முனியா லா? செம்முனிதான்,” என்றார் சன்னாசி, சுருட்டை வாயிலிருந்து எடுக்காமலே. கைப்பேசிகளில் பழைய திருவிழாப் படங்களைத் தேடினால் ஒரு வருஷம் சிவப்பு, ஒரு வருஷம் பச்சை. சிலையையே பார்க்கலாம் என்றால், திருவிழாவுக்காகச் சுரண்டி வெள்ளை அடித்து நிறுத்தியிருந்தார்கள். கோயில் தலைவர் சிரித்தார். “பாக்குறவன் மனசு எப்படியோ சாமியும் அப்படி. விடுங்க தேவதாஸ்.”

விட முடியுமா? அவர் மகனா ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்?

ஆரம்பத்திலிருந்து அந்தச் சிலைக்கு வர்ணம் பூசுகிற ஒரே ஆள் கார்த்திகேசு. தெரிந்தால் அவருக்குத்தான் தெரிய வேண்டும். வர்ணம் பூசுகிற அன்று காலையிலேயே தேவதாஸ் போய் நின்றார். வேறு யாரும் இல்லை.

“அண்ணே, உண்மையச் சொல்லுங்க. இது எந்த முனி?”

கார்த்திகேசு குனிந்தார். டின்கள் இரண்டையும் தூக்கினார். தலை சாய்ந்தது.

“நீயே சொல்லு தேவா. எது?”

தேவதாசின் விரல் தானாகச் சிவப்புக்குப் போனது. கார்த்திகேசு அந்த டின்னையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணைச் சுருக்கி, வெகுநேரம்.

“நல்லாப் பாத்துச் சொல்றியா?”

தேவதாஸ் அவர் கண்களைப் பார்த்தார். இந்த ஆளுக்கு எல்லாம் தெரியும். என் வாயாலேயே வரட்டும் என்று நிற்கிறார். மகனை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டா பொய் சொல்வது?

விரல் மெல்ல நகர்ந்து மற்ற டின்னில் நின்றது. “பச்சைண்ணே,” என்றார். “நாந்தான் தப்புப் பண்ணிட்டேன்.”

“சரிப்பா,” என்று கார்த்திகேசு பிரஷை நனைத்தார்.

தேவதாஸ் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார், பால்குடம் எடுத்தார், மீன், கறி என்று மச்சத்தையே விட்டார். கோயிலில் சேவல் நின்றது. சன்னாசி வருவதும் நின்றது. ஷர்வினுக்கு எலும்பு கூடிவிட்டது, லேசாக விந்தி நடக்கிறான். அந்த நடையைப் பார்க்கும்போதெல்லாம் தேவதாஸ் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அடுத்த வருஷம் திருவிழாவுக்கு முன், கார்த்திகேசுவின் மனைவி விமலா தேவதாசைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“இந்தத் தடவையும் நீயே பக்கத்துல நின்னு காட்டு தேவா. வெளிய சொல்லிராத, பெயிண்டர் பொழப்பு. அவருக்குச் சின்ன வயசுலேர்ந்தே செவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும். ரோட்டு லைட்டக்கூட மேல எரியுதா கீழ எரியுதான்னு பாத்துத்தான் நிப்பாரு.”