ஷிஃப்ட்டுக்கு முன் ஒரு பெனால்டி

சுங்குவார்சத்திரம் நிறுத்தத்தில் மதிய ஷிஃப்ட்டுக்கான கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கிறாள் சுமதி. கையிலிருக்கும் போனில் தாய்லாந்தில் நடக்கும் பெண்கள் கால்பந்து ஆட்டம் நேரலையாக ஓடுகிறது. அதில் ஒரு அணியின் கோல்கீப்பர் அவள் தங்கை. ஒரு வருடமாக வெளியே உட்கார்ந்திருந்தவளை இன்றுதான் இறக்கியிருக்கிறார்கள்.

"பந்து அந்தாண்டையே இருந்தா போதும் சார்," என்கிறாள், பக்கத்தில் வேறு பஸ்ஸுக்காக நின்று போனை எட்டிப் பார்க்கும் என்னிடம்.

"அப்புறம் உன் தங்கச்சிக்கு அங்க இன்னாடி வேலை?" என்று சீண்டுகிறாள் உடன் நிற்கும் மலர்.

பஸ் வருகிறது. அதே நேரம் எதிரணிக்குப் பெனால்டி கிடைக்கிறது. சுமதி போனை அணைத்துவிடுகிறாள்.

"பார்க்கலையாம்மா?"

"கம்பெனி கேட்லயே போனை வாங்கி வெச்சிடுவாங்க சார். கோல் வுட்டுட்டான்னு தெரிஞ்சா, ஷிஃப்ட் முடியறவரைக்கும் அசெம்ப்ளி லைன்ல கையே ஓடாது."

இருவரும் ஏறி ஜன்னலோரம் உட்காருகிறார்கள். மலர் தன் போனில் அதே ஆட்டத்தைத் திறக்கிறாள். சுமதி போனைப் பார்க்கவில்லை. மலரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பஸ் கிளம்பிவிடுகிறது.