மாதம்மாள் அக்கா போன தார் ரோடு

மதியச் சாப்பாட்டுக்கு மணி அடிக்கும் நேரம். எங்கள் கம்பெனியில் வேலை நடக்கும் லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. சூப்பர்வைசர் என் மேசைக்கு வந்து, "உங்க ஊரு மாதம்மாள் தவறிட்டாங்களாம். செக்யூரிட்டி கேட்டுல தகவல் சொல்லியிருக்காங்க" என்றார். அழுகை உடனே வரவில்லை. அக்காவை எந்த வழியாகக் கொண்டுபோவார்கள் என்ற பயம்தான் முதலில் வந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. சூளகிரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். காலனி ஒரு கோடியில், சுடுகாடு மறுகோடியில். நடுவில் ஊர்த்தெரு, நல்ல தார் ரோடு. கம்பெனி பஸ் அதில்தான் வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போகும். உயிரோடு இருக்கும்வரை அந்த ரோட்டில் போகலாம். செத்தால் கூடாது. காலனிப் பாடை ஏரி வாய்க்காலில் இறங்கித்தான் போக வேண்டும்.

அக்கா என் பக்கத்து வீடு. அதே கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலை. எனக்கு ஐந்தாவதோடு படிப்பு நின்றது, அவர் பள்ளிக்கூடமே போனதில்லை. அவர் ஏறினால் பஸ்ஸே கலகலக்கும். "என்னாப்பா, பொண்ணு பாக்கவா போற? இப்புடி ஊர்ந்துட்டுப் போற!" என்று டிரைவரைச் சீண்டாமல் உட்கார மாட்டார்.

அவர் வீட்டுக்காரர் செத்தது மழைக்காலத்தில். வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீர். தூக்கினவர்களில் ஒருவருக்குக் கால் வழுக்கி, பாடை சாய்ந்து, மாமா தண்ணீருக்குள் போய்விட்டார். தேடி எடுத்துக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். பாதி வழியில் பாடையை இறக்கி, தலைமாட்டையும் கால்மாட்டையும் திசை மாற்றித் தூக்குவது எங்கள் வழக்கம். தண்ணீருக்குள் அதை எங்கே செய்வது? "திசை மாத்தாமயே அனுப்பிட்டோம் புள்ளே. மனுசன் பாதி வழியிலயே நின்னுட்டு இருப்பாரு" என்று அக்கா சொல்லிச் சொல்லி அழுதார்.

அழுதபடியே ஓசூருக்குப் பஸ் ஏறினார். நானும் கூடப் போனேன். அங்கே ஒரு வக்கீலம்மா பொறுமையாகச் சொன்னார்: "மரியாதையோட வாழுற உரிமையை அரசியல் சட்டமே குடுத்திருக்குதும்மா. அந்த மரியாதை செத்த ஒடம்புக்கும் உண்டு. பொது ரோட்டுல தீண்டாமை பாக்கறது குத்தம். ஐகோர்ட்டுல கேக்கலாம்."

கேஸ் போட்டதும் ஊர்க்காரர்கள் எங்களைக் காடு கழனி வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். காலனியிலேயே அக்காவைத் திட்டினார்கள். பெரியவர் சின்னப்பன் மாமா வாசலில் வந்து நின்று, "உன் புருசன் போயிட்டான். இருக்கறவங்க பொழப்பை ஏன் கெடுக்கற?" என்றார். அக்கா விடவில்லை. "நாளைக்கு நீயும்தான் போவணும் மாமா. நீச்சல் தெரியுமா உனக்கு?" என்று கேட்டார்.

சென்னைக்குப் போய்த் தீர்ப்பைக் கேட்டுவிட்டு வந்தார். "எல்லாம் இங்கிலீசு. ஜட்ஜய்யா ரோடுன்னு சொன்னது மட்டும் புரிஞ்சுது. அதுக்குத்தானே போனேன்!" யாரும் மறிக்கக் கூடாது, போலீஸ் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு.

அதற்குப் பிறகு காலனியில் முதல் சாவு விழுந்தது. அன்றைக்கு ஊர்த்தெருவில் மறிப்பதற்கு ஒரு ஆள்கூட இல்லை. ஆனாலும் பாடை தூக்கினவர்கள் ரோடும் வாய்க்காலும் பிரியும் இடம் வந்ததும் தானாகவே வாய்க்காலில் இறங்கினார்கள். முன்னால் தூக்கியவர் சின்னப்பன் மாமா. திரும்பி வந்தபோது, "கால் பழகிப்போச்சு தாயி" என்றார். "கோர்ட்டு ரோட்டைத் தொறந்துவிட்டுது. உங்க காலுக்கு யாரு ஸ்டே குடுத்தது?" என்று அக்கா கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது.

அன்றிலிருந்து அவருக்கு அதே கவலை. போன மாதம் நெஞ்சு வலி என்று கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னை வாய்க்கால்ல எறக்கிட்டா, கேஸ் தோத்துப்போச்சுன்னு அர்த்தம். நீ பாத்துக்கோ."

எங்களில் பெண்கள் தெருமுனைக்கு மேல் சுடுகாட்டு வழியில் போகக் கூடாது. அக்காவை எடுத்த அன்றைக்கு நாங்கள் சிலர் பாடைக்கு முன்பே போய் வாய்க்காலில் இறங்கி, வழியை அடைத்துக்கொண்டு நின்றோம். மேளச் சத்தம் நெருங்கியது. பாடைக்கு முன்னால் வந்த சின்னப்பன் மாமா எங்களைப் பார்த்ததும், "பொம்பளைங்க இங்க என்னா பண்றீங்க? வீட்டுக்குப் போங்க!" என்று அதட்டினார்.

"நாங்க ரோட்டுக்கு வரலை மாமா. வாய்க்கால்லதான் நிக்கறோம். நீங்க ரோட்டுல போங்க" என்றேன்.

மேளம் நின்றுவிட்டது. ரோட்டோரம் போலீஸ் ஜீப். ஊர்க்காரர்கள் கூடி நின்றார்கள். அதில் ஒருவர் எல்லாருக்கும் கேட்கவே சொன்னார்: "இன்னைக்குப் போலீசு இருக்குது. நாளைக்கு யாரு இருப்பாங்க?" சின்னப்பன் மாமா வாய்க்காலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எறக்குங்கடா. இங்கயே திசை மாத்துங்க."

தார் ரோட்டின் நடுவில் அக்காவை இறக்கி, தலைமாடு கால்மாடு மாற்றி வைத்துத் தூக்கினார்கள். பாடை ஊர்த்தெருவுக்குள் போனது. வரிசையாகக் கதவுகள் சாத்தியிருந்தன. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலையில் பஸ்ஸுக்கு நின்றோம். ரோடு நெடுக அக்காவுக்கு இறைத்த பொரியும் சாமந்தியும் கிடந்தன. சில வாசல்களுக்கு முன்னால் மட்டும் குடம் குடமாக ஊற்றிக் கழுவியிருந்தார்கள். சாவு போனால் தண்ணீர் தெளிப்பது எல்லா ஊரிலும் உண்டு. இவ்வளவு ஊற்றி நான் பார்த்ததில்லை. பஸ் வந்தது. டிரைவர் ரோட்டைப் பார்த்துவிட்டு, "அக்காவோட பூவா?" என்று மட்டும் கேட்டார். அந்தத் தெரு முடியும்வரை ஊர்ந்துதான் ஓட்டினார். யாரும் அவரைச் சீண்டவில்லை.

அக்கா, அடுத்த சாவுக்குப் போலீஸ் வருமா, எனக்குத் தெரியாது. ஆண்களின் கால் எந்தப் பக்கம் திரும்பும், அதுவும் தெரியாது. உங்களைத் திசை மாற்றித்தான் அனுப்பியிருக்கிறோம். நிற்காமல் போங்கள். வாய்க்காலில் நாங்கள் நின்றுகொள்கிறோம்.