கீழ்த்தளத்தில் நின்றவர்

கனடாவில், ஸ்ரௌவ்வில் நகரில் தங்கையின் புது வீட்டுக்குக் குடிபூரல். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கராஜுக்குள் கதிரை போட்டு இருந்தோம். பக்கத்தில் தங்கையின் கணவரின் சொந்தக்காரர் ஒருவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் கனடாவுக்கு வருமுன் பயணிகள் கப்பலில் வேலை செய்ததை யாரோ சொல்லியிருக்க வேண்டும். எந்தக் கப்பல் என்று கேட்டார். சொன்னேன். கையிலிருந்த தட்டை நிலத்தில் வைத்தார்.

“நானும் உதிலதான் வேலைக்கு நிண்டனான்.”

வருடங்களைச் சொல்லிப் பார்த்தோம். மூன்று வருடம் ஒரே கப்பலில் இருந்திருக்கிறோம். ஒரு நாளும் சந்தித்ததில்லை.

கப்பலில் அது புதுமையல்ல. கப்டனுக்குக் கீழே மூன்று பகுதி. தளப் பகுதி கப்பலைச் செலுத்தும், உயிர்காப்புப் படகுகளைப் பார்க்கும். இஞ்சின் பகுதி ஓட்டத்தையும் வெளிச்சத்தையும் தண்ணீரையும் கொடுக்கும். சமையல், பரிமாறல், சலவை, அறை துப்புரவு எல்லாம் ஹோட்டல் பகுதி. நான் அறைகளைத் துப்புரவாக்கியவன். அவர் கீழ்த்தளத்தில், இஞ்சின் பகுதியில். எங்கள் அதிகாரிகள் வேறு, இஞ்சின்காரருடைய அதிகாரிகள் வேறு. எண்ணெய் உடுப்போடு அவர்கள் பயணிகளின் தளத்துக்கு வரக்கூடாது. இஞ்சின் அறைக் கதவுக்கு அப்பால் எங்களுக்கு வேலையில்லை.

“கரண்ட் நிண்ட நாள் ஞாபகம் இருக்கோ?” என்றார்.

எப்படி மறப்பேன்? பட்டப்பகலிலும் நடைபாதை இருண்டுபோனது. சிரித்த முகத்தோடு நில்லுங்கள் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டுப் போனார். பயணி ஒருவர் என்னைத் திட்டினார். வயதான வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி என் கையைப் பிடித்தவள் இரண்டு மணிநேரம் விடவில்லை.

அவர் சட்டைக் கையை மடித்துக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் சுருங்கி மினுங்கியது.

“எண்ணெய்க் குழாய் வெடிச்சிட்டுது. வால்வைப் பூட்டப் போகேக்க சுட்டுப்போட்டுது. அடுத்த துறைமுகத்தில என்னை ஆஸ்பத்திரிக்கு இறக்கிவிட்டவை.”

“எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை அண்ணை. சின்னப் பழுது எண்டுதான் சொன்னவை.”

கரண்ட் நின்ற அன்று பின்னேரம் எங்கள் சாப்பாட்டு மேசையில், கீழே இருப்பவர்கள் நித்திரை கொண்டிருப்பார்கள் என்று நாங்கள் சிரித்ததையும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு மறைக்க முடியவில்லை.

அவர் கோபப்படவில்லை. “மேல சனம் பயந்ததோ?” என்றார். அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன்.

“அவவுக்கு ஒண்டும் ஆகேல்லையே?”

“இல்லை. லைட் வந்தவுடன கைதட்டினவ.”

“ஆருக்கு?”

“எனக்குத்தான். முன்னால நிண்டது நான்.”

அவர் தலையாட்டிவிட்டு மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டார். அந்தக் கைதட்டலை நான் குனிந்து, நன்றி சொல்லி வாங்கியிருந்தேன். இத்தனை வருடங்களுக்குப் பிறகு அது உறுத்தியது.

அவருடைய வீடு மல்வேர்னில். மகன் வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. மகனை வரவேண்டாம் என்று சொல்லச்சொல்லிவிட்டு நானே அவரை என் காரில் ஏற்றிக்கொண்டேன். கப்பலின் கீழ்த்தளத்தில் எது எங்கே இருந்தது என்று வழிநெடுகக் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.