பிளேட் அக்காவின் அடங்காத செல்கள்

எந்நேரமும் செல் வளர்க்கும் பிளேட்டும் கையுமாக இருப்பதால், அந்த ஆய்வகத்தில் அவளைப் பிளேட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புட்டி கழுவ வந்தவள், பதினாலு வருஷத்தில் செல் வளர்ப்பதில் கைதேர்ந்துவிட்டாள். தானமாக வந்த ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, ஒரு வாரம் பொத்திப் பொத்தி வளர்த்து, கிருமியை விழுங்கும் காவல் செல்களாக்கித் தருவாள். பெற்ற பிள்ளைக்குக்கூட இவ்வளவு கவனிப்பு இல்லை என்று புருஷன் கிண்டலடிப்பான்.

புதிதாக வந்த தலைவருக்கோ, ஓயாமல் பெருகும் செல்களோடுதான் பழக்கம். செல்லுக்குள் புகுந்து வேலை செய்தால் பச்சை ஒளி காட்டும்படி செய்த ஆய்வக வைரஸை அவற்றில் விட்டால், பிளேட் முழுக்கப் பச்சையாக ஒளிரும். அக்காவின் செல்களில் மூன்று முறை விட்டும் ஒரு பொட்டுப் பச்சை இல்லை.

“செத்த செல்லைக் குடுத்திருக்கீங்க. எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க. உங்க ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுதுல்ல?” என்றார்.

அக்காவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“செத்த செல் ஒட்டிக்கிட்டு நிக்காது சார், கழுவுனாலே போயிடும். இது நல்லா உயிரோடதான் இருக்கு. வைரஸைத்தான் வேலை செய்ய விடல.”

“அதை நீங்க சொல்றீங்களா?”

“வளர்த்தது நான்தானே சார்?”

பிளேட்டுகளை அவள் தூக்கிப் போடவில்லை. படிப்பு பத்தாவதுதான், ஆனால் ஆய்வு மாணவிகளை நச்சரித்தே எல்லாம் தெரிந்துகொண்டவள். வைரஸ் தன்னை நகலெடுக்க டி.என்.ஏ. கட்டும் செங்கல் வேண்டும். பெருகாமல் அமர்ந்திருக்கும் காவல் செல்லில் ஒரு புரதம் அந்தச் செங்கலை உடைத்துக்கொண்டே இருக்கும். உள்ளே புகுந்த வைரஸ் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். பெருகும் செல்லில் அந்தப் புரதம் அடங்கிக் கிடக்கும். தலைவர் இத்தனை காலம் பார்த்தது அடங்கியதை மட்டும்தான்.

மீதி பிளேட்டுகளைப் பாதியாகப் பிரித்தாள். ஒரு பாதிக்கு வெளியிலிருந்து செங்கலை ஊட்டினாள். மறுபாதியை அப்படியே விட்டாள். இரண்டிலும் வைரஸை விட்டாள். வேலை போனால் போகட்டும், தன் செல்லைப் பிணம் என்று சொல்லிவிட்டுப் போக விடமாட்டாள்.

மூன்றாம் நாள் தலைவரை மைக்ரோஸ்கோப் முன் உட்காரவைத்தாள். செங்கல் கிடைத்த பாதி பச்சைப்பசேல் என்று இருந்தது. மற்றதில் கும்மிருட்டு.

“ஒரே ரத்தம், ஒரே நாள், ஒரே கை. செத்த செல்லுல பச்சை வருமா சார்?”

அவர் இரண்டு பிளேட்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்.

“சரி, ஒப்பந்தத்தைப் புதுப்பிச்சிடலாம். வெள்ளிக்கிழமை கூட்டத்துல இதை நான் சொல்லிடறேன். நீங்களும் வந்து பின்னாடி உக்காருங்க.”

“வேணாம் சார்,” என்றாள் அக்கா. “நான் சொல்றேன். நீங்க உக்காருங்க.”